காரத்தண்ணி தெறித்த அன்று

சோப்பு பதத்துக்கு வந்துவிட்டது என்பது எப்படித் தெரியும் என்றுதான் ஷெட்டில் இப்போது வேலை பார்க்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள். நான் இங்கே எழுதப்போவது அதைப் பற்றி அல்ல. நாலு சட்டி கிண்டினால் துடுப்பின் கனமே உங்களுக்குச் சொல்லிவிடும். தவறினாலும் ஒரு சட்டி வீணாகும், அவ்வளவுதான். துடுப்பு சொல்லித்தராத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தியாகதுருகம் ஷெட்டில் மேற்பார்வை பார்த்து, இப்போது வீட்டோடு இருக்கும் வசந்தா நான். உங்களில் பாதிப் பேர் என்னை நேரில் பார்த்ததுகூட இல்லை.

நம் சரக்கு வாசனைச் சோப்பு இல்லை. லாரிப் பட்டறை, டிராக்டர் மெக்கானிக், ரைஸ் மில் என்று கிரீஸும் கருப்பு ஆயிலும் ஊறிப்போன கைகளுக்கான கெட்டி க்ரீம். என் வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக்காக இருந்தவர். சாயந்திரம் ஆனால் டீசலிலேயே கையைக் கழுவி, மேலே துணி சோப்புத் தூளைக் கொட்டித் தேய்ப்பார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். குழம்பு பட்டால் எரிகிறது என்று கடைசிக் காலத்தில் ஸ்பூனில்தான் சாப்பிட்டார். அவர் போன பிறகுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். முதல் சட்டி நன்றாக வந்த அன்று எல்லோரும் கையில் பூசிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தேங்காய் எண்ணெயும் புங்க எண்ணெயும் சேர்த்து, காஸ்டிக் பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் காய்ச்சுகிறோம். ஆறியதும் அழுக்கைச் சுரண்ட சலித்த மரத்தூள் கலக்கிறோம். எண்ணெயும் தூளும் யாரையும் ஒன்றும் செய்யாது. நாங்கள் காரத்தண்ணி என்று சொல்லும் அந்தக் கரைசலிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். பார்த்தால் வெறும் தண்ணீர். கையில் பட்டால் முதலில் எரியாது, வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு என்னவென்றால், உங்கள் தோலே சோப்பாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எரிச்சல் பிறகுதான் வரும்.

அப்போது ஷெட்டை நடத்திய எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவி குணசுந்தரி. என் வயதுதான், என் தெருதான். ஷெட்டை வாடகைக்குப் பிடித்ததும், பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி ஆர்டர் வாங்கியதும் அவள். கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவு நடந்த பிறகு, புருஷனைப் பறிகொடுத்த இரண்டு பெண்களைத் தேடிப் போய்க் கூட்டிவந்து வேலை கொடுத்தவளும் அவள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் அவளைத் தப்பானவள் என்று நினைத்துவிடக் கூடாது.

வெள்ளச்சி கல்வராயன் மலையிலிருந்து வந்தவள். மலையில் சாமை போட்டுக்கொண்டிருந்த குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம் புருஷன் சடையனோடு கீழே இறங்கி வந்தாள். அவர் கரும்பு வெட்டப் போனார், இவள் எங்களிடம் வந்தாள். டப்பாவில் அடைத்து மூடி போடுகிற வேலை. வேகமான கை, பேச்சு கம்மி. என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுச் செய்து முடித்துவிடுவாள்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய பட்டறையிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. சொன்ன நாளுக்குக் கொடுத்தால் மாதாமாதம் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, காரம் கரைக்கிற எவர்சில்வர் டிரம்மில் அடிமூட்டு விட்டுக் கசிய ஆரம்பித்தது. வெல்டிங்குக்குப் போயிருந்தது. எப்போதும் காரம் கரைக்கும் பெண் மணலூர்பேட்டையில் கல்யாணம் என்று போய்விட்டாள். மரத்தூள் ஈரமாக வந்திருந்ததால் நான் ஷெட்டுக்குப் பின்னால் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

வேலை நிற்கக் கூடாதே என்று குணசுந்தரி தன் வீட்டிலிருந்து ஒரு டேக்சாவைத் தூக்கி வந்திருக்கிறாள். ஆடி மாசம் கோயிலில் கூழ் காய்ச்சுகிற பெரிய அலுமினிய டேக்சா. காஸ்டிக்கும் அலுமினியமும் சேரவே கூடாது. சேர்ந்தால் காரம் பாத்திரத்தையே தின்னும், சூடேறும், நுரைத்துப் பொங்கும். ஷெட் தொடங்கும்போது நடந்த பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அது தெரியும். குணசுந்தரி பயிற்சியன்று பேங்குக்குப் போயிருந்தாள். வெள்ளச்சி அப்போது மலையில் இருந்தாள்.

"வெள்ளச்சி, நீ கொஞ்சம் கலக்கு. நான் பட்டறைக்காரங்ககிட்ட போன் பேசிட்டு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுக் குணசுந்தரி வாசலுக்குப் போயிருக்கிறாள். வெள்ளச்சி தலையை ஆட்டிவிட்டு வந்து நின்றிருக்கிறாள். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி ஆவியடித்து மங்கியதால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள்.

எனக்கு முதலில் கேட்டது சட்டி பொங்கும் சத்தம். அடுப்பு ஏதும் பற்றவைக்கவில்லையே என்று யோசிப்பதற்குள் அலறல் கேட்டது.

உள்ளே ஓடியபோது டேக்சாவிலிருந்து சாம்பல் நிறத்தில் நுரை வழிந்து தரையெல்லாம் பரவியிருந்தது. வெள்ளச்சி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி மோர்ச் சொம்போடு நின்றாள். ஒருத்தி காரத்துக்குப் புளிப்புதான் எதிரி என்று எலுமிச்சம்பழத்தைத் தேடினாள். குணசுந்தரி அதற்குள் ஆட்டோவை நிறுத்திவிட்டாள்.

"ஏத்துங்கடி, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்டலாம்."

பயிற்சியில் பாடம் எடுத்த அம்மாவின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் அந்த நிமிஷம் மனசில் வந்தது. கண்ணில் காரம் பட்டால் தண்ணீர், மறுபடியும் தண்ணீர், வேறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிகூட அதற்குப் பிறகுதான் என்று சொல்லியிருந்தார்.

"ஆட்டோ நிக்கட்டும். அவள கொழாகிட்ட இழுத்துகினு வாங்க" என்றேன்.

"இன்னாடி பேசற? புள்ள துடிக்கிறா."

"துடிக்கட்டும். இழு."

என் வாயிலிருந்து அந்த வார்த்தைதான் வந்தது.

கண்ணில் எரிச்சல் இருக்கிறவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். மூடிய கண்ணுக்குள் காரம் இருந்து தின்றுகொண்டே இருக்கும். இமையை விரலால் பிரித்துப் பிடித்துத்தான் தண்ணீரை விட வேண்டும். அவள் முகமெல்லாம் வழவழவென்று இருந்தது, என் விரல் வழுக்கிக்கொண்டே போனது. கருணாபுரத்துப் பெண் ஒருத்தி அவள் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். நான் கழுத்தில் முழங்கையை வைத்து அமுக்கி, குழாய்க்குக் கீழே தலையைத் திருப்பி, இமையைப் பிரித்தேன். அவள் என் புறங்கையைக் கடித்தாள். "வுடுக்கா, வுட்று, செத்துட்றேன்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். வலது கண், இடது கண், மறுபடியும் வலது கண். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். குணசுந்தரி அழுதுகொண்டே என் முதுகில் அடித்தாள்.

அந்த நேரம் எனக்குள் என்ன ஓடியது என்று கேட்டால், பயம் மட்டும்தான். நான் செய்வது சரி என்ற நிச்சயம் துளிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்திருக்கக்கூடிய கண்ணை நானே இங்கே நிறுத்திக் கெடுக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. நீங்கள் படித்ததும் பயிற்சி எடுத்ததும் அந்த நேரத்தில் தைரியத்தைக் கொண்டுவந்து தராது. பயந்துகொண்டேதான் செய்ய வேண்டியிருக்கும்.

பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த சடையன் யாரோ சொல்லி ஓடிவந்தார். அவர் பார்த்தது என்ன? இரண்டு பெண்கள் சேர்ந்து தன் பெண்டாட்டியின் தலையைக் குழாய்க்கடியில் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவள் கதறுகிறாள். அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளியதில் சிமெண்டுத் தரையில் விழுந்தேன். எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.

"தம்பி, என்ன அப்புறமா அடி. இப்ப அவ தலையப் புடி. கண்ணு ரெண்டும் போய்டும்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவரே அவள் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு குழாய்க்கடியில் உட்கார்ந்தார். நான் இமையைப் பிரித்தேன். அவர் சட்டையும் வேட்டியும் நனைந்து, அவள் கத்துவது நின்று முனகலாகும்வரை அப்படியே இருந்தோம். என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதன் பிறகுதான் ஆட்டோவில் ஏறினோம். குடத்தில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனேன்.

ஆட்டோவில்தான் இரண்டாவது சோதனை வந்தது. குணசுந்தரி என் காதோரம் குனிந்தாள். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்த சடையனுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"வசந்தா, நான் சொல்றதக் கேளு. வூட்ல வடை சுட்டுகினு இருந்தா, எண்ணெ தெறிச்சிச்சின்னு சொல்லிக்கலாம்."

"ஏன்?"

"காஸ்டிக்குன்னு சொன்னா போலீசு வரும். ஷெட்டப் பூட்டிடுவாங்க. நம்ம கிட்ட இன்னா பேப்பர் சரியா கீது? அந்தக் கருணாபுரத்துப் பொண்ணுங்கள நெனச்சிப் பாரு. இத வுட்டா அதுங்களுக்கு இன்னா இருக்கு? புள்ளைங்கள வச்சிகினு எங்க போவும்?"

அவள் தனக்காகப் பேசவில்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு கெட்டவள் வந்து பொய் சொல்லச் சொன்னால் மறுப்பது சுலபம். நான் பதில் பேசாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். "என்ன பட்டுச்சு?" என்று கேட்டார்.

"கொதிக்கிற எண்ணெங்க. வடை சுடும்போது" என்றாள் குணசுந்தரி.

டாக்டர் சரி என்று திரும்பி நர்ஸிடம் ஏதோ மருந்து சொல்ல ஆரம்பித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளச்சி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிற்பது யார் என்று தெரிந்து பிடித்தாளா, கையில் கிடைத்ததைப் பிடித்தாளா, எனக்குத் தெரியாது.

"இல்லைங்க" என்றேன். "எண்ணெய் இல்லை. காஸ்டிக் பொட்டாஷ். சோப்பு ஷெட்டுல கரைக்கிறது."

டாக்டர் நின்றார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு வேகம். சின்னக் காகிதத் துண்டைக் கண்ணோரம் வைத்துப் பார்த்தார்கள், அது நீலமானது. இன்னும் காரம் உள்ளே இருக்கிறது என்று பாட்டில் பாட்டிலாகத் தொங்கவிட்டுக் கழுவினார்கள். மறுபடியும் காகிதம், மறுபடியும் நீலம், மறுபடியும் பாட்டில். அவ்வளவு நேரம் நாங்கள் கழுவியும் காரம் போகவில்லை. எண்ணெய்க் காயத்துக்கு வைக்கிற மருந்தை வைத்துக் கட்டியிருந்தால் கட்டுக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

குணசுந்தரி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது கண் தப்பியது. இடது கண் போய்விட்டது. அதில்தான் நேராக அடித்திருந்தது, எவ்வளவு கழுவியும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

குணசுந்தரி சொன்னது ஒவ்வொன்றும் நடந்தது. போலீஸ் வந்தது, விசாரணை வந்தது, ஷெட்டைப் பூட்டினார்கள். வாங்கிய எண்ணெய் உள்ளேயே சிக்கு வாடை அடித்துப்போனது. அந்தப் பெரிய பட்டறை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டது. கருணாபுரத்துப் பெண்களில் ஒருத்தி பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனாள். வெள்ளச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடு குழாயடியில் நின்றவள் சித்தாள் வேலைக்குப் போனாள். ஒரு நாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். "நல்லா கீறீங்களாக்கா?" என்று கேட்டாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். குணசுந்தரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே பஸ்ஸில் வந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் செத்தால் வருவாளா என்று தெரியாது. அவள் போனால் நான் போவேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கண்ணில் பட்டது என்ன என்று டாக்டர் கேட்டால், பட்டது எதுவோ அதைச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்படி முடியவில்லை. உண்மையைச் சொன்னதற்காக யாரும் உங்களைக் கொண்டாடப்போவதில்லை. பலருடைய சோறு போகும், அந்தப் பலரும் உங்களுக்கு வேண்டியவர்களாகவே இருப்பார்கள். அப்படியிருந்தும் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளால் அந்த நேரத்தில் தனக்காகப் பேச முடியாது.

சட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் செய்து, வேறு பெயரில், வேறு தலைவியோடு ஷெட் திறந்தது. என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். வந்ததும் நான் முதலில் கேட்டது வெள்ளச்சியைச் சேர்த்துக்கொள்வீர்களா என்பதைத்தான். ஒரு கண் இல்லாதவளைக் காஸ்டிக் இருக்கிற இடத்தில் வைக்க முடியாது என்றார்கள். மூடி போடுகிற வேலைதானே என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு நாள், இதை நேரில் சொல்ல, வெள்ளச்சி திரும்பிப் போயிருந்த மலைக்குப் போனேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி நடந்தேன். சாமை கதிர் பிடித்திருந்தது. வெள்ளச்சி களத்தைச் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். இடது கண் பாலாடை படிந்தது போல வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கை கழுவிவிட்டு வந்து உட்காரச் சொன்னாள். டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரில் ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, அந்த விரலை அண்டித்தான் ஊற்றினாள். அப்படியும் கொஞ்சம் கீழே சிந்தியது.

"ஒத்தக் கண்ணுல தூரம் தெரியலக்கா. பக்கத்துல கீற மாதிரி தெரியுது, கை போனா அங்க இல்ல" என்றாள்.

"வலி இருக்குதா?"

"வலி இல்ல. கனவுல வரும். நீ தலைய அமுக்கிகினு இருப்ப. தண்ணி கொட்டும். அப்ப உன்னக் கொன்னுடணும்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் கனவுல அப்பிடித்தான் நெனப்பேன். முழிச்சா இல்ல."

டீயைக் குடித்து முடித்த பிறகு அவளே கேட்டாள். "ஷெட்டு தொறந்துட்டாங்களாமே. என்னக் கூப்புடுவாங்களா?"

"கேட்டுப் பார்த்தேன். ஒத்துக்கல, வெள்ளச்சி."

"டப்பா மூட்றதுக்குக்கூடவா?"

"அதுக்குக்கூட."

அவள் எப்போதும் போலத் தலையை ஆட்டினாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சடையன் அதுவரை களத்தின் அந்த ஓரத்தில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் கிளம்பியதும் கூடவே நடந்து வந்தார். பஸ் நிற்கிற புளியமரம்வரை வந்துவிட்டார். சாயந்திர வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது. பஸ் சத்தம் எங்கோ கீழே வளைவில் கேட்டது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அவளுக்கு ஒரு கண்ணு நின்னுதுன்னா அதுக்கு நீங்கதான் காரணம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அன்னிக்கி உங்களத் தள்ளுனேன். அது தப்புதாங்க."

"அத வுடு தம்பி."

"போன கண்ணுக்கு யாருங்க காரணம்? அத யாருமே எங்கிட்ட சொல்லல."

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டேக்சாவைத் தூக்கி வந்தவளா, கல்யாணத்துக்குப் போனவளா, போனில் அவசரப்படுத்திய பட்டறையா, அலுமினியம் ஆகாது என்று அவளிடம் ஒரு தடவைகூட யாரும் சொல்லாத ஷெட் முழுவதுமா? ஒவ்வொன்றாக மனசில் எடுத்துப் பார்த்தேன். எதையும் அவர் கையில் கொடுக்க முடியவில்லை. பஸ் வந்து நின்றது. நான் ஏறினேன். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை. பதில் வந்தாலும் வரும் என்பது போல, பஸ் வளைவில் மறையும்வரை என் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.